அடுப்பு மூட்டாத சாப்பாடு

2022இல் யாழ்ப்பாணத்தில் எரிவாயு வரிசையில் நின்று, வெறும் சிலிண்டரோடு வீடு திரும்பினேன். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் இன்றி வாழ்ந்த அம்மா கலங்கவில்லை.

"சமைக்காமலும் சாப்பிடலாம் பிள்ளை."

இரவு ஊறவைத்து, ஒருநாள் ஈரத்துணியில் கட்டியிருந்த பயறு முளைவிட்டிருந்தது. வல்லாரையை உப்புத் தண்ணீரில் அலசி, நீர் வடித்து, மெல்லியதாக அரிந்தார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்புச் சேர்த்துப் பிசறி, கடைசியில் தேசிக்காய்ப்புளி விட்டார். மாசி சேர்க்கவில்லை. பயறையும் கலந்ததும் ஒருநேரச் சாப்பாடு ஆயிற்று.

வல்லாரை இல்லையென்றால் கரட், வெள்ளரிக்காய், கோவா எதுவும் சேர்க்கலாம். தேங்காய்ப்பூ புளித்துவிடும், அந்த நேரமே சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

இப்போது எரிவாயு கிடைக்கிறது. அம்மா பயறு ஊறவைப்பதை நிறுத்தவில்லை.