ராக்கெட் ஊரில் தொலைந்த ரீல்

ஆறு பேர் பீரங்கிக் குண்டுக்குள் ஏறிக்கொள்கிறார்கள். டுமீல்! குண்டு நேரே போய் நிலாவின் கண்ணில் செருகுகிறது. அங்கே வழிமறிக்கும் நிலாவாசிகளைக் குடையால் ஒரு தட்டு தட்டினால் போதும், புஸ்ஸென்று புகையாகிவிடுகிறார்கள். பிரான்ஸின் ஜார்ஜ் மெலியே 1902-ல் எடுத்த ‘நிலவுக்குப் பயணம்’ கால் மணி நேரம் போல ஓடும் ஊமைக் கூத்து.

திருவனந்தபுரத்தோடு இதை முடிச்சுப் போடுவது எளிது. 1963 நவம்பர் 21-ல் அந்த ஊர்த் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவுடையது. அது சுமந்து சென்ற சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் கொடுத்தது. மகதலேனா மரியாள் தேவாலயமே அலுவலகம், பாகங்கள் போனது சைக்கிளில். மெலியே பார்த்திருந்தால் அப்படியே படத்தில் சேர்த்திருப்பார்.

ராக்கெட்டுக்கு அந்த ஊரில் ஆள் இருக்கிறது. ரீலுக்கு யார் இருக்கிறார்கள்?

நொடித்துப்போன மெலியே 1923-ல் தன் நெகடிவ்களைத் தானே கொளுத்தினார்; பிறகு பாரிஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக்கடை நடத்தினார். அவர் எரித்தாலும் பிரதிகள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. கையால் வண்ணம் தீட்டிய ஒன்று 1993-ல் பார்சிலோனாவில் அகப்பட்டது. கட்டியாக ஒட்டிப்போயிருந்த சுருளை மெல்லப் பிரித்துச் சீராக்கி, 2011-ல் கான் விழாவில் ஓட்டினார்கள்.

ஜே.சி.டேனியலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குமரிக்காரரான அவர் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் எடுத்த ‘விகதகுமாரன்’தான் கேரளத்தின் முதல் படம். வெளியானது 1928 என்பார் சிலர், 1930 என்பார் சிலர். மேல்சாதிப் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே.ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. தியேட்டரில் கல் பறந்தது. சுருளை டேனியலின் சின்ன மகன் விளையாட்டாய்க் கொளுத்திவிட்டான் என்கிறார்கள். இன்று ஒரு அடிகூடக் கிடையாது.

அடுத்து வந்த ‘மார்த்தாண்ட வர்மா’வை (1933) காப்பாற்றியது கோர்ட் வழக்கு! படத்துக்கு மூலமான நாவலின் உரிமை யாருக்கு என்று தகராறு கிளம்ப, படம் பெட்டிக்குள் முடங்கியது. 1974-ல் அது புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து ஒழிந்திருக்கும்.

‘எல்லாம்தான் டிஜிட்டல் ஆகிவிட்டதே’ என்பவர்களும் உண்டு. கல்யாண வீடியோவோடு ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்ட வீட்டில் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கடற்கரைப் புழுக்கத்தில் பழைய ஃபிலிம் பிசுபிசுத்து, காடி நாற்றம் அடித்து, சுருங்கிப்போகும். வழக்கும் அதிர்ஷ்டமும் எத்தனை படத்தைக் காப்பாற்றும்? நாகர்கோவிலிலோ நெய்யாற்றின்கரையிலோ உங்கள் வீட்டுப் பரணில் தகர டப்பா கிடந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடாதீர்கள். புனேவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதுவரை தீப்பெட்டியை எட்டவே வையுங்கள். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது.