கடற்கரைக்கு வரும் செய்தி

பாம்பன் கரையில் நாட்டுப்படகை நீரில் இறக்குமுன் மீனவர் வானத்தையும் காற்றையும் நோக்குவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். இந்நாளில் அவர்தம் கையிலுள்ள அலைபேசியையும் நோக்குகின்றனர். ஐதராபாத்தில் 1999ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அலை எவ்வளவு உயரம் எழும், காற்று எத்திசையினின்று வீசும் என்பவற்றைக் கணித்துத் தன் இணையதளத்தில் வெளியிடுகின்றது. ஐதராபாத்து எங்கே, பாம்பன் எங்கே! விரல் பட்ட மாத்திரத்தில் அப்பக்கம் கரைக்கு வந்து சேர்வது எங்ஙனம்?

இணையதளத்தின் செய்திகள் சேவையகம் என்னும் கணிப்பொறியில் வைக்கப்பட்டிருக்கும். அஃது இரவும் பகலும் விழித்திருந்து, கேட்பார்க்கு விடை தருவது. அலைபேசியிலுள்ள உலாவி என்னும் மென்பொருளே கேட்கும் தூதுவன். ஆயின், கணிப்பொறிகள் ஒன்றையொன்று அறிவது பெயரால் அன்று, எண்ணால். மக்களுக்கோ எண்ணை நினைவிற் கொள்ளல் அரிது. ஆதலின், பெயருக்குரிய எண்ணைக் காட்டும் பதிவேட்டு முறையைப் பால் மொக்காபெட்ரிசு என்பார் 1983இல் வகுத்தார். அஞ்சலகத்தார் உறையின் அடியிலுள்ள மாவட்டத்தை முதலிலும், ஊரையும் தெருவையும் பின்னரும் நோக்குவர் அல்லரோ? அதுபோலவே இப்பதிவேடும் பெயரை இறுதியிலிருந்தே ஆராய்கின்றது. 'இன்' என்னும் முடிவு இந்தியாவைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள 'கவ்' அரசுத் தளம் என்பதைக் காட்டும். அதற்கும் முன்னுள்ள பெயர் மையத்தைச் சுட்டும். கண் இமைக்கும் பொழுதில் எண் கிடைத்துவிடுகின்றது.

அதன்பின் வேண்டுகோள் அலைபேசிக் கோபுரத்தை அடைந்து, கண்ணாடி இழைகளின் வழியே ஒளியாய் விரைகின்றது. சேவையகம் தரும் விடை ஒரே மூட்டையாய் வருவதில்லை. எண்ணிடப்பட்ட சிறு பொதிகளாய்ப் பிரிந்து வருகின்றது. தந்திக் காலத்தில் கம்பி அறுந்தால் அவ்வழிச் செய்தியும் அறும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்து, இரயில் ஒன்றையும் கடல் கொண்ட கொடுமையை இக்கரையோர் இன்றும் மறந்திலர். பொதிகளுக்கோ, ஒரு வழி அடைபட்டால் வேறு வழி இருப்பின் அவ்வழியே செல்லும் இயல்பு உண்டு. வழியில் ஒன்று தவறினும், அவ்வெண்ணுக்குரியதை மட்டும் மீண்டும் கேட்டுப் பெறலாம்.

வந்த பொதிகளை உலாவி வரிசைப்படுத்துகின்றது. அவற்றுள் எழுத்துடன், எப்படம் எங்கே அமைதல் வேண்டும் என்னும் குறிப்பும் இருக்கும். படத்தை உலாவி தனியே கேட்டுப் பெறுதலின், அலைபேசியின் தொடர்பு மெலிந்த இடத்தில் எழுத்து முன்னும் படம் பின்னும் தோன்றுகின்றன.

ஈண்டு ஒன்றனைக் கருதுதல் வேண்டும். முன்னர்ப் பார்த்த பக்கத்தின் படியை உலாவி தன்னிடம் சேமித்து வைப்பதுண்டு. காலத்தை மிச்சப்படுத்தும் நல்ல ஏற்பாடுதான். எனினும், தொடர்பு அற்ற வேளையில் நேற்றைய பக்கமே இன்றையது போலத் திரையில் தோன்றக் கூடும். நேற்று அடங்கியிருந்த கடல் இன்றும் அடங்கியிருக்கும் என்பதற்கு அப்பக்கம் சான்றாகாது. ஆதலின், அலையின் உயரத்தைப் படிக்குமுன் பக்கத்திலுள்ள நாளையும் நேரத்தையும் பார்த்தல் வேண்டும். ஐயம் தோன்றின், கரையில் இருக்கும்போதே பக்கத்தைப் புதிதாய்க் கேட்டல் வேண்டும். படகு நெடுந்தொலைவு சென்றபின் கரைக் கோபுரத்தின் தொடர்பு அதற்கு எட்டாது.