பெற்றோல் வாளா, பற்றரி வாளா?
மீண்ட காணிகளைத் துப்புரவு செய்வோர் கவனத்திற்கு

இருபத்தைந்து ஆண்டுகள் ஆள் நடமாட்டமின்றிக் கிடந்த வளவு எப்படியிருக்கும் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும் அதனை அண்டிய பகுதிகளிலிருந்தும் எழும்பிய குடும்பங்களில் ஒரு பகுதியினர், அச்சுவேலிக்கு அடுத்துள்ள வளலாயில் 2015 மார்ச்சிலும் மயிலிட்டியில் 2017 ஜூலையிலும் காணிகள் விடுவிக்கப்பட்டபோது திரும்பிப் போனார்கள். எல்லை தெரியவில்லை, கிணறு தெரியவில்லை. அடுப்படி இருந்த இடத்தில் வேம்பு நின்றது. தோட்டத் தறையில் நாயுண்ணியும் ஈச்சம்பற்றையும் விடத்தலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இன்னும் காணி கிடைக்காமல் உறவினர் வீடுகளிலும் வாடகை வளவுகளிலும் காத்திருப்போர் பலர். அவர்களுக்கும் இந்த வேலை ஒருநாள் வரும்.

கோடாலியும் கத்தியும் கொண்டு இரண்டு பரப்புக் காணியை வெளியாக்கக் கிழமைக் கணக்கில் செல்லும். கூலிக்கு மெசின் வாள்காரரைப் பிடித்தால் நாட்கூலி ஒன்று, எண்ணெய்ச் செலவு இன்னொன்று. ஆகவே, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் இயந்திர வாளை வாங்கினால் என்ன, காணி வேலை முடிந்ததும் அதனைக் கொண்டு நாமே கூலிக்குப் போகலாமே என்ற யோசனை எழுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் அத்துடன் இப்போது இன்னொரு கேள்வியும் வருகிறது. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் தம்பி தொலைபேசியில், "அண்ணை, பெற்றோல் வாள் எல்லாம் பழசு. இஞ்சை இப்ப பற்றரி வாள்தான். ஒண்டு வாங்கி அனுப்பவோ?" என்று கேட்கிறார். அனுப்பச் சொல்வதா, வேண்டாம் என்பதா? இதைப் பற்றியே இம்முறை எழுத விரும்புகிறோம்.

மின்சார வாள் நேற்று வந்த புதுமையன்று. ஜெர்மனியில் அன்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926ஆம் ஆண்டில் செய்த முதலாவது வாளே மின்சாரத்தில்தான் ஓடியது. இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய பாரம். பெற்றோல் வாளை அவர் அதன் பின்னரே செய்தார். காட்டுக்குள் மின்கம்பி இல்லை என்பதுதான் பெற்றோலுக்கு வாய்த்த வெற்றி. இன்றைய வாள்களில் ஓடும் சங்கிலியின் பல் அமைப்புக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோ கொக்ஸ் என்ற மரவெட்டி, மரக்குற்றி ஒன்றைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப் புழுவை 1946இல் உற்றுப் பார்த்தார். அது இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைக் கடித்துச் செல்வதைக் கண்டு அதேபோல் சங்கிலிக்குப் பல் வைத்தார். பெற்றோல் வாளானாலும் பற்றரி வாளானாலும் மரத்தை வெட்டுவது அந்தப் புழுவின் வாய்தான். வேறுபாடு சங்கிலியை இழுக்கும் சக்தியில் மட்டுமே.

அந்தச் சக்தியைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 36 வோல்ற், 5 அம்பியர்-மணி என்று எழுதப்பட்ட பற்றரி ஒன்றில் 180 வாற்-மணி மின்சாரம் அடங்கும். எமது மின்பட்டியலில் வரும் ஒரு யூனிற்றில் ஐந்திலொன்றிலும் சற்றுக் குறைவு. ஒரு லீற்றர் பெற்றோலிலோ ஏறக்குறைய ஒன்பது யூனிற் வெப்பசக்தி உண்டு. சிறிய இயந்திரம் அதில் ஐந்தில் நான்கு பங்கைச் சூடாகவும் புகையாகவும் வீணாக்கினாலும், மீதி ஒன்றே முக்கால் யூனிற்றுக்கு மேல் சங்கிலிக்குப் போய்ச் சேரும். அதாவது ஒரு லீற்றர் பெற்றோல் செய்யும் வேலைக்கு மேற்சொன்ன பற்றரிகள் பத்துத் தேவை. நாள் முழுவதும் பெருமரம் தறிப்பவர் பத்துப் பற்றரியைச் சுமந்துகொண்டு திரிய முடியாது. அவற்றின் விலையையும் அவரால் தாங்க முடியாது. ஏனெனில் பற்றரி வாளின் விலையில் பெரும்பகுதி பற்றரியின் விலைதான்.

ஆனால் இந்தக் கணக்கோடு பேச்சை முடித்துவிடுவது நியாயமாகாது. வேலி வெட்டும் ஒருவரைப் பாருங்கள். ஒரு கிளுவைக் கதியாலை வெட்ட அவருக்கு ஐந்து வினாடி போதும். பிறகு அதை இழுத்துப் போட்டு, முள்ளை விலக்கி, அடுத்த மரத்திற்குப் போக இரண்டு நிமிடம். பெற்றோல் வாள் அந்த இரண்டு நிமிடமும் சும்மா உறுமி எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கும். அல்லது அணைத்து அணைத்துக் கயிறு இழுக்க வேண்டும். பற்றரி வாள் விசையை விட்டதும் நிற்கும், தொட்டதும் ஓடும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை போன்ற வேலி மரங்களுக்கும், கைப்பருமன் தொடக்கம் தொடைப்பருமன் வரையான பற்றைமரங்களுக்கும் அது போதும். மரத்தில் ஏறி நின்று கிளை கழிப்பவருக்கும் அதுவே நல்லது. ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றை இழுத்து இயந்திரத்தை உயிர்ப்பிப்பது உயிரோடு விளையாடுவதற்குச் சமம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் எம்மிடையே அநேகர். வேலி அடைப்பதற்கும் விறகு தறிப்பதற்கும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆணைத் தேடி நிற்பது அவர்களுக்குச் செலவு மட்டுமன்று. கயிறு இழுக்காமல், எண்ணெய் கலக்காமல், ஓடும் சிறிய பற்றரி வாள் ஒன்று அவர்கள் கைக்கு ஏற்றது.

எண்ணெய் கலத்தல் என்றோம். எம் ஊரில் பெற்றோல் வாள்கள் பழுதாவதற்கு இதுவே முதற் காரணம் என்பது எமது அபிப்பிராயம். இந்த இயந்திரங்கள் இரண்டடிப்பு வகையைச் சேர்ந்தவை. பெற்றோலோடு அதற்குரிய ஒயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும். தரமான இரண்டடிப்பு ஒயிலாயின் 50க்கு 1, அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர். "கிட்டத்தட்ட ஒரு மூடி" என்று ஊற்றுவதும், மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த பழைய ஒயிலைக் கலப்பதும் பிஸ்ரனைத் தின்றுவிடும். ஆயினும் பழுதானால் பெற்றோல் வாளைத் திருத்த ஊருக்குள் ஆள் உண்டு. பிளக், காபரேற்றர், பிஸ்ரன் றிங் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டத் தெரிந்த பெடியள் சந்திக்குச் சந்தி இருக்கிறார்கள். பற்றரி வாளின் உள்ளே இருப்பது மின்னணுத் தகடு. அது போனால் போனதுதான்.

காதுக்கு என்ன? பெற்றோல் வாள் பிடிப்பவரின் காதில் விழும் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். பற்றரி வாளில் அது குறைவு, ஆனால் இல்லையென்றாகாது. பாரமான வேலையில் இரண்டுக்கும் காதுக்கவசம் வேண்டும். சத்தம் குறைந்தால் மரம் முறியும் ஒலியும் அருகில் நிற்பவர் கூப்பிடும் குரலும் கேட்கும். அது ஒரு பாதுகாப்பு. ஷெல்லடிக்குள்ளும் விமான இரைச்சலுக்குள்ளும் வாழ்ந்த முதியவர்கள் வீட்டுக்கு அருகில் நாள் முழுவதும் வாள் உறுமுவதை எப்படித் தாங்குகிறார்கள் என்பதையும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் நினைத்துக்கொள்வது நல்லது.

இனிப் பனைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் மரம் தறிப்பது பற்றிப் பேசிவிட்டுப் பனையைத் தொடாமல் போக முடியாது. வேறு மரங்களுக்கு வைரம் நடுவில். பனைக்கோ வைரம் வெளியில், உள்ளே சோற்றி. சுற்றிலும் உள்ள கருநார்கள் இரும்புக் கம்பி போல வாளின் பல்லை மழுக்கும். நன்றாக முற்றிய பனையின் அடிமரத்தைக் குறுக்கே வெட்டும்போது பற்றரி இறங்குவதைக் கண்ணால் காணலாம். வேகம் குறைய, சங்கிலி சூடாக, வாளும் தானாக நின்றுவிடும். முற்றிய பனைக்கு 50 கனசென்ரிமீற்றர் அளவிலான பெற்றோல் வாளே பொருந்தும் என்று நாம் துணிந்து சொல்வோம். கலிபோர்னியா மாநிலம் 2021இல் சட்டம் இயற்றி, 2024 தொடக்கம் விற்பனைக்கு வரும் சிறிய பெற்றோல் இயந்திரங்களுக்குத் தடை போட்டது. அந்தத் தடைகூட 45 கனசென்ரிமீற்றரும் அதற்கு மேற்பட்டதுமான பெரிய வாள்களைத் தொடவில்லை.

எமது பனைகளில் வைரத்தை விடக் கடினமான பொருளும் உண்டு. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்டவை போக, தப்பி நின்றவற்றில் ஷெல் துண்டுகளும் சன்னங்களும் பாய்ந்து கிடக்கின்றன. அவை வெளியே எளிதில் தெரியாது. ஓடும் சங்கிலி அதில் பட்டால் பல் பறக்கும், சங்கிலியும் அறலாம். மரத்தைச் சுற்றி வந்து, தழும்பு, துளை, கறுத்த வடு உண்டா என்று பார்த்துவிட்டு, அந்த இடத்திற்கு மேலோ கீழோ வெட்டுங்கள். கண்ணுக்கு மூடியணியாமல் வெட்ட வேண்டாம்.

மரத்துக்குள் இருப்பதை விட மண்ணுக்குள் இருப்பது கொடியது. கண்ணிவெடி அகற்றப்பட்ட காணி என்று உறுதிப்படுத்தப்படும்வரை எந்த வாளையும் கொண்டு உள்ளே போகக்கூடாது. பற்றைக்குத் தீ வைப்பதும் கூடாது. மண்ணில் கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கும். ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். ஒரு நாள் பிந்தினால் ஒன்றும் குறைந்துவிடாது.

சட்டமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, சொந்த வளவில் நின்றாலும் பலா, ஈரப்பலா, பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானதும் இந்த மரத்தின் பெறுமதியை உணர்ந்துதான். தறித்த மரத்தை லொறியில் ஏற்றவும் வேறாக அனுமதி வேண்டும். இயந்திர வாளையும் பதிவு செய்ய வேண்டும். பற்றரியில் ஓடினாலும் வாள் வாள்தான். வாங்கிய பற்றுச்சீட்டோடு போய்ப் பதிவை முடித்துக்கொண்டால் வீதிச் சோதனையில் வில்லங்கம் வராது.

"பெற்றோல் இல்லாமல் போனால் என்ன செய்வது?" என்று கேட்பவர்களும் உண்டு. எம்மவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. 1990களில் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலும் தடை, ரோச் பற்றரியும் தடை! 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. கலன்களில் பெற்றோல் கொடுக்க மறுத்தார்கள். வாகனம் உள்ளவருக்கு ஏதோ கிடைத்தது, வாள் வைத்திருந்தவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. எனவே தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி ஒன்றை விட்டு மற்றதற்குப் போவதில் பொருளில்லை. கூரையில் சூரியத் தகடு வைத்திருக்கும் வீட்டுக்கு மட்டும் பற்றரி பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு.

வாளின் நாக்கில் சங்கிலி வழுக்கி ஓட ஒயில் தேவை. இதில் இரண்டு வகைக்கும் விலக்கில்லை. அந்த ஒயில் முழுவதும் கடைசியில் மண்ணுக்கே போகிறது. எமது மண்ணின் கீழ் சுண்ணாம்புக் கல், அதற்குள் எமது குடிதண்ணீர். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டையும், அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பானதையும் மறந்துவிட வேண்டாம். கழிவு ஒயிலைச் சங்கிலிக்கு ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். கிணற்றடியில் வைத்து எண்ணெய் மாற்றாதீர்கள்.

இப்போது வெளிநாட்டுத் தம்பிக்கு என்ன பதில்? பல குடும்பங்கள் சேர்ந்து ஒரேயொரு வாள்தான் வாங்கலாம் என்றால், பழுது பார்க்கவும் உதிரிப்பாகம் எடுக்கவும் யாழ்ப்பாணத்திலேயே வசதியுள்ள நடுத்தரப் பெற்றோல் வாளை வாங்குங்கள். பழகிய ஒருவர் அதனைப் பொறுப்பெடுக்கட்டும். தம்பி அனுப்புவதைத் தடுக்க வேண்டாம். அது வீட்டு வேலைக்கும் வேலிக்கும் உதவும். ஆனால் கனடாவில் வாங்கும் சாஜர் 120 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது. எமது 230 வோல்ற்றில் பூட்டினால் புகைந்துவிடும். சுவிஸ், பிரான்ஸ், இங்கிலாந்தில் வாங்கும் சாஜர் எமது மின்சாரத்திற்கு ஒத்துவரும், பிளக்கை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பற்றரி அல்ல, இரண்டு அனுப்பச் சொல்லுங்கள். சூடாகக் கழற்றிய பற்றரியை உடனே சாஜரில் போடாமல் நிழலில் ஆறவிடுங்கள். தகரக் கொட்டிலுக்குள் வைத்தால் வெயிற்காலச் சூட்டில் அதன் சக்தி விரைவாகக் குறைந்துவிடும்.

வாளின் நுனி மேற்பக்கம் எதிலாவது பட்டால் அது வெட்டுபவரின் முகத்தை நோக்கித் திரும்பி எழும். பற்றரி வாள் சிறியது, சத்தமில்லாதது என்று எண்ணிச் சாரத்தோடும் றப்பர் செருப்போடும் பிடிப்பவர்களைக் காண எமக்குப் பயமாயிருக்கிறது. நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து, இரண்டு கைப்பிடி. சங்கிலிக்கு அரம் போடுமுன் பெற்றோல் வாளை அணைத்தாலே போதும், பற்றரி வாளிலோ பற்றரியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டே கை வைக்க வேண்டும். சங்கிலி வாங்கும்போதே அதன் பல்லுக்கு ஏற்ற வட்ட அரம் எந்த அளவு என்று கடைக்காரரிடம் கேட்டு, இரண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.