பொம்மை ஹெலிகாப்டர் ஏன் பம்பரமாகச் சுற்றுகிறது?

ரிமோட்டில் பறக்கும் சிறு ஹெலிகாப்டர்கள் இன்று எங்கள் ஆயர் ஈத்தாம் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கும் வந்துவிட்டன. இரண்டு முறை கீழே விழுந்தால், அது மேலெழும்போதே பம்பரம்போலச் சுற்றத் தொடங்கும். பிறகு குப்பைத் தொட்டிக்குப் போகும். பெற்றோர் பாடுபட்டுச் சம்பாதித்த பணமும் அதோடு போகும். ஆனால், கோளாறு எங்கே என்பதை அந்தச் சுழற்சியே காட்டிக் கொடுக்கிறது.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். சுழலும் நாற்காலியில் கால் தரையில் படாமல் உட்கார்ந்து, எதிரில் உள்ள கனமான மேசையை இடப்பக்கம் தள்ளிப் பாருங்கள். நாற்காலி உங்களை வலப்பக்கம் திருப்பும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் 1687இல் வெளியிட்ட விதி இதுதான். மோட்டார் விசிறியை ஒரு திசையில் சுழற்றினால், ஹெலிகாப்டரின் உடல் மறுதிசையில் சுழல முயலும்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. ஒன்று, வாலில் ஒரு சிறு விசிறி வைத்து உடலைத் திரும்பாமல் தள்ளிப் பிடிப்பது. சிக்கோர்ஸ்கி 1939இல் அமெரிக்காவில் சோதித்த வி.எஸ்.300இல் வால் விசிறி இருந்தது. 2020 வரை நமது விமானப்படையில் பணிபுரிந்த நூரியும் அவர் நிறுவிய நிறுவனத்தின் வடிவமைப்பே. மற்றது, ஒரே அச்சில் இரு விசிறிகளை எதிரெதிராகச் சுழற்றுவது. 2021 ஏப்ரலில் செவ்வாய்க் கோளில் பறந்த இன்ஜெனியூட்டி இவ்வகையைச் சேர்ந்தது.

உங்கள் பொம்மை எந்த வகை என்று பாருங்கள். இரட்டை விசிறி என்றால், உடல் எந்தத் திசையில் சுற்றுகிறதோ, அதே திசையில் சுழலும் விசிறிதான் பெரும்பாலும் பலம் குறைந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த விசிறியைக் கையால் சுழற்றுங்கள். அச்சில் தலைமுடியோ நூலோ சிக்கியிருக்கலாம், பல்சக்கரம் தேய்ந்து வழுக்கலாம், அச்சு வளைந்திருக்கலாம். மேல் இதழையும் கீழ் இதழையும் மாற்றிப் பொருத்தியிருந்தாலும் சமநிலை கெடும்.

வால் விசிறி வகை என்றால், உடல் பெரிய விசிறிக்கு எதிர்த்திசையில் சுற்றும்போது வாலுக்குப் பலம் போதவில்லை என்று பொருள். அதன் இதழ் முன்பின்னாக மாறியிருக்கிறதா, மோட்டார் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மெல்லத் திரும்பினால் மட்டும் ரிமோட்டில் உள்ள டிரிம் பொத்தானை, திரும்பும் திசைக்கு எதிர்ப்பக்கம் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். கைரோ உள்ள பொம்மையாயின், மின்சாரம் கொடுத்தபின் சில வினாடிகள் சமதரையில் அசையாமல் வைக்க வேண்டும். அந்த அசையா நிலையை அளவாகக் கொண்டே அது பின்னர் உடலின் திருப்பத்தை அறிகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது பலித்தது என்று தெரியும்.

பறக்கும்போதே சுற்ற ஆரம்பித்தால் பயந்து வேகத்தைக் கூட்டாதீர்கள். மோட்டாரின் விசை குறைந்தால் உடலைத் திருப்பும் எதிர்விசையும் குறையும். வால் விசிறி பழுதான உண்மை ஹெலிகாப்டரில் விமானியும் இதனால்தான் இயந்திர விசையைக் குறைத்து, கீழிருந்து வரும் காற்றால் விசிறியைச் சுழலவிட்டு இறங்க முயல்கிறார். பலர் உயிரைக் காக்கும் அந்தப் பாடத்தை, பள்ளித் திடலில் ஒரு பொம்மையை வைத்தே நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம்.