வெண்டிலேட்டரிலிருந்து விடுபடத் தூக்கமும் வேண்டும்

ஐசியுவில் பார்வை நேரம் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். உள்ளே போய் வந்தவரை வாசலில் காத்திருப்பவர்கள் சூழ்ந்துகொண்டு, "எப்படி இருக்காரு?" என்பார்கள். "நல்லாத் தூங்குறாரு" என்ற பதிலில் எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதி. கண் மூடியிருக்கிறது, வெண்டிலேட்டர் சீராக மார்பை ஏற்றி இறக்குகிறது, பார்ப்பவருக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் அதே நோயாளியின் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையலைகளைப் பதிவு செய்தால், தூக்கம் என்று சொல்லத்தக்கது அதில் கொஞ்சமே தென்படும்.

## கண் மூடினால் தூக்கமா?

தொண்டைக்குள் குழாய் இருப்பதைத் தாங்கிக்கொள்ள மிடசோலம், புரோபோஃபால் போன்ற மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. அவை நோயாளியை அமைதிப்படுத்தும், நினைவையும் மங்கச் செய்யும். இயல்பான தூக்கம் அப்படிப்பட்டதல்ல. மேலோட்டமான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கண்மணிகள் வேகமாக அசையும் கனவு உறக்கம் என்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக அது நகரும். மிடசோலம் வகை மருந்துகள் இதில் ஆழ்ந்த உறக்கத்தையும் கனவு உறக்கத்தையும் குறைத்துவிடுகின்றன.

2001இல் அமெரிக்காவில் ஐசியு நோயாளிகளின் மூளையலைகளை இரவு பகலாகப் பதிவு செய்தார்கள். மொத்தத் தூக்கம் சராசரியாக ஒன்பது மணி நேரத்தை நெருங்கியது. கணக்கில் குறையொன்றும் இல்லை. ஆனால் அது சுமார் 40 துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. ஒரு துண்டு ஏறத்தாழ 15 நிமிடம். அதிலும் பாதிக்கு மேல் பகலில் வந்த தூக்கம்.

## சத்தத்தைத் தாண்டியும் காரணங்கள்

மருத்துவமனை அறைகளில் இரவில் 30 டெசிபலுக்கு மேல் சத்தம் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மானிட்டர் அலாரம், தொலைபேசி, டிராலிச் சக்கரம், ஷிஃப்ட் மாறும்போது எழும் பேச்சு என எல்லாம் சேரும் ஐசியுவில் 50 டெசிபல் சாதாரணம். ஆகவே பழியெல்லாம் சத்தத்தின் மேல் விழுகிறது. ஆனால் மேலே சொன்ன ஆய்விலேயே, சத்தத்தால் நேர்ந்த விழிப்புகள் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. 2003இல் வெளியான டொராண்டோ ஆய்வில் சத்தத்தையும் செவிலியர் பணிகளையும் சேர்த்தே கணக்கிட்டும் 30 சதவீதத்தைத் தொடவில்லை. நோய், வலி, மருந்து, ஓயாத வெளிச்சம் ஆகியவையும் கூட்டாளிகள்தான்.

பலரும் நினைத்துப் பார்க்காத கூட்டாளி ஒருவர் உண்டு: வெண்டிலேட்டர். நோயாளி மூச்சிழுக்கும்போது அழுத்தம் கொடுத்து உதவும் முறையை மருத்துவர்கள் 'பிரஷர் சப்போர்ட்' என்பார்கள். தூங்கும்போது உடலுக்கு மூச்சுத் தேவை குறைகிறது, இயந்திரம் தரும் உதவியோ அப்படியே இருக்கிறது. இதனால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. மூச்சைத் தூண்டுவதே அந்த வாயுதான் என்பதால் மூச்சு சில நொடிகள் நின்றுபோகும். அலாரம் அடிக்கும், நோயாளி விழிப்பார். 2002இல் 11 பேரிடம் இதைச் சோதித்தபோது ஆறு பேருக்கு இப்படி மூச்சு நின்றது. குறைந்தபட்ச மூச்சு எண்ணிக்கையை இயந்திரமே உறுதி செய்யும் முறைக்கு மாற்றியபோது, தூக்கம் கலைவது மணிக்கு 79 தடவையிலிருந்து 54ஆகக் குறைந்தது. 54 தடவை கலைவதையும் தூக்கம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு திருகைத் திருப்பியதில் கிடைத்த லாபம் அது.

## தூங்காதவருக்கு மூச்சு சீக்கிரம் களைக்கும்

வெண்டிலேட்டரை எடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை உண்டு. இயந்திர உதவியை நன்றாகக் குறைத்து, அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை நோயாளியைத் தானாக மூச்சுவிட வைத்துப் பார்ப்பார்கள். மூச்சிழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். முழுக்க வெண்டிலேட்டரை நம்பியிருக்கும்போது அது இரண்டு மூன்று நாட்களுக்குள்ளேயே மெலியத் தொடங்கிவிடும்.

தசையோடு மூளையும் ஒத்துழைத்தால்தான் மூச்சு. பிரான்சில் ஆரோக்கியமான 20 ஆண்களை ஓர் இரவு முழுக்க விழித்திருக்கச் செய்து, தடையை எதிர்த்து மூச்சிழுக்கச் சொன்னார்கள். நன்றாகத் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் தாங்கியவர்கள், தூங்காத இரவுக்குப் பிறகு அரை மணியில் கைவிட்டார்கள். 2020இல் வந்த இந்த ஆய்வின்படி, மூச்சுத் தசைகளை இயக்க மூளைப் புறணி அனுப்பும் கட்டளையே பலவீனமாகியிருந்தது. ஓர் இரவுக்கே இந்தப் பாடென்றால், வாரக்கணக்கில் துண்டு துண்டாகத் தூங்கிய நோயாளியை நினைத்துப் பாருங்கள்.

2018இல் அதே பிரான்சில், முதல் பரீட்சையில் தேறாத 45 பேரின் தூக்கத்தைப் பதிவு செய்தார்கள். மூளையலைகள் இயல்பான தூக்கத்தின் அடையாளங்களையே இழந்திருந்தவர்களுக்கு வெண்டிலேட்டரிலிருந்து விடுபட ஐந்து நாள் ஆனது, மற்றவர்களுக்கு இரண்டு நாள். தூக்கமின்மைதான் தாமதத்துக்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. நோய் முற்றியவருக்குத் தூக்கமும் கெடும், மூச்சும் திணறும். ஆனால் இரண்டு முறை பரீட்சையில் தோற்றவரைப் பற்றி, "ராத்திரி தூங்கினாரா?" என்று கேட்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

## இரவை இரவாக விடுவது

அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சங்கம் 2018இல் தந்த வழிகாட்டுதல், காதடைப்பான், கண்மறைப்பு, விளக்கையும் சத்தத்தையும் குறைப்பது ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. தூங்கவைப்பதற்காக மட்டும் புரோபோஃபால் கொடுக்க வேண்டாம் என்கிறது. படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதையும் சளி உறிஞ்சுவதையும் தள்ளிப்போட முடியாதுதான். ஆனால் விடிகாலை நாலு மணிக்கு உடம்பு துடைத்துவிட்டே ஆக வேண்டுமா? அது நோயாளிக்காக வகுத்த நேரமல்ல, ஷிஃப்ட் முடிவதற்காக வகுத்தது. பகலில் திரையை விலக்கி வெளிச்சம் படவைப்பதும், முடிந்தால் உட்காரவைப்பதும் இரவுத் தூக்கத்துக்கான ஏற்பாடுகளே.

## வீட்டார் சொல்ல வேண்டியவை

அவருக்குக் குறட்டை உண்டா, வீட்டில் தூக்க மாத்திரை போடும் வழக்கம் உண்டா, குடிப்பழக்கம் உண்டா? இவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பழகிய மாத்திரையும் மதுவும் திடீரென நின்றால் தூக்கம் கெடும், பிதற்றலும் வரலாம். மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் கொண்டுபோய்க் கொடுங்கள். பார்க்கப் போகும்போது இன்று என்ன கிழமை, மணி என்ன என்று காதருகே சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பின்னும் கெட்ட கனவும் அரைகுறைத் தூக்கமும் சில மாதங்கள் நீடிக்கலாம். அதற்காக மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், நுரையீரல் நோய் உள்ளவருக்கு அது மூச்சையே மந்தமாக்கிவிடும். காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் என்று இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கியிருக்கக்கூடும். அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.