பழைய கணினிகளும் அடைவுச் சேவையும்

பல்லாயிரவர் பணிபுரியும் ஒரு நிறுவனத்தில் ஒருவர் மற்றொருவரை முகத்தால் அறிந்து வைத்திருத்தல் இயலாத காரியம். உள்ளே வரத்தக்கவர் யாவர், எவ்வெவர்க்கு எவ்வெவ்வறை திறக்கப்படும் என்பவற்றைக் காட்ட ஓர் ஏடு வேண்டும். கணினி வலையமைப்பில் அவ்வேட்டின் தொழிலைச் செய்வதே அடைவுச் சேவையாகும். பயனரின் பெயர், அவர் சார்ந்த குழு, அவர்க்குரிய உரிமைகள், அச்சுப்பொறிகளும் கோப்புகளும் உள்ள இடங்கள் ஆகிய யாவும் அதன்கண் ஒழுங்குறப் பதியப்பெற்றிருக்கும். ஒருவர் எக்கணினியின் முன் அமர்ந்தாலும், ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் கொண்டு தம் பணியைத் தொடங்குதல் இதனாற் கைகூடுகின்றது.

இச்சேவைக்குரிய பொதுநெறி 1988ஆம் ஆண்டில் எக்ஸ்.500 என்னும் பெயரால் வகுக்கப்பட்டது. அது நிறைவுடையதேயாயினும் சிறு கணினிகள் தாங்கவொண்ணாப் பாரமுடையதாயிருந்தது. ஆதலின், மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர் முதலியோர் அதனை எளிமையாக்கி, எல்.டி.ஏ.பி. என்னும் நெறிமுறையை 1993இல் வெளியிட்டனர். மைக்ரோசொப்ற் நிறுவனம் 2000ஆம் ஆண்டு பெப்ருவரியில் விண்டோஸ் 2000 உடன் வெளியிட்ட அக்ரிவ் டிரெக்ரறி என்னும் அடைவு, மூன்று தூண்களின்மேல் நிற்பது. தகவலைத் தேடுதற்கு எல்.டி.ஏ.பி.; ஆளை உறுதிப்படுத்தற்கு மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் பிறந்த கேர்பரோஸ்; சேவையகம் இருக்குமிடத்தை அறிதற்கு டி.என்.எஸ். எனப்படும் ஆள்களப் பெயர் முறைமை. ஓர் அடைவின் ஆட்சிக்குட்பட்ட கணினிகளின் தொகுதியே ஈண்டு ஆள்களம் எனப்படுகின்றது.

புதிய அடைவு தோன்றிய காலத்தில் அலுவலகங்களில் இருந்தவையோ பெரும்பாலும் விண்டோஸ் 95, விண்டோஸ் 98, விண்டோஸ் என்.ரி. 4.0 ஆகியவற்றில் இயங்கிய கணினிகள். அவை கேர்பரோஸ் முறையை அறியாதன. அடைவின் சேவையகத்தை ஆள்களப் பெயர் முறைமையின்வழித் தேடவும் அறியாதன. நெற்பயோஸ் என்னும் பழைய பெயர்முறையாலேயே அதனை நாடின. இதனை முன்னரே உணர்ந்த ஆக்கியோர், புதிய சேவையகங்களுள் ஒன்று பழைய என்.ரி. தலைமைச் சேவையகத்தின் வேடம் பூண்டு விடைகூறுமாறு அமைத்தனர். ஆகவே, எவ்வித மாற்றமும் செய்யப்படாத பழைய கணினியும் ஆள்களத்தினுள் புகுந்தது. இடர் விளைந்ததும் இவ்விடத்திலேயே. வாயில் திறந்தமையால் வழி நன்றென்று பலர் கருதிவிட்டனர்.

பழைய கணினிகள் கடவுச்சொல்லை மெய்ப்பித்த முறைக்கு எல்.எம். என்பது பெயர். அம்முறையின் குறைபாட்டைச் சிறிது விளங்கிக்கொள்ளல் வேண்டும். அது முதலிற் கடவுச்சொல்லின் சிறிய ஆங்கில எழுத்துகளையெல்லாம் பெரிய எழுத்துகளாக்கும். பின்னர் அதனை 14 எழுத்திடங்களுக்குள் அடக்கி, ஏழேழாக இரு கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே மறைகுறியாக்கும். எழுத்துகளும் இலக்கங்களும் மட்டுமே கொண்ட ஏழிடக் கூறொன்றுக்கு இயலக்கூடிய சேர்க்கைகள் ஏறக்குறைய 7836 கோடி. பதினான்கு இடங்களும் ஒருங்கே காக்கப்பட்டிருப்பின் அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கிய தொகையை ஊகிப்போன் ஆராய்தல் வேண்டும். கூறுகள் பிரிக்கப்பட்டமையால் அதன் இருமடங்கை ஆராய்ந்தாற் போதும். மனிதர்க்குப் பேரெண்ணாகத் தோன்றும் இது கணினிக்குச் சிற்றெண்ணேயாம். நீண்ட கடவுச்சொல்லைத் தெரிந்தெடுத்தவரின் முயற்சியும் இவ்வாறு பயனற்றதாகின்றது.

இக்குறை பழைய கணினியோடு நின்றுவிடுவதன்று என்பதே கருதத்தக்கது. ஒரு கணினியின் பொருட்டு எல்.எம். முறையை ஏற்கும் சேவையகம், தன் ஏட்டில் எல்லாப் பயனரின் கடவுச்சொற்களுக்கும் அவ்வலிய காப்பற்ற வடிவத்தையும் சேர்த்து வைத்திருந்தது. அவ்வேடு களவுபோயின், புதிய கணினியை மட்டுமே பயன்படுத்தியவரின் கடவுச்சொல்லும் உடன் வெளிப்படும்.

இதற்குப் பரிகாரமாக அமைந்ததே அடைவுச் சேவைக்குரிய துணை மென்பொருள். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றுக்கான பதிப்பு விண்டோஸ் 2000 சேவையகத்தின் இறுவட்டிலேயே இடம்பெற்றது. இதனை நிறுவிய கணினி, தனக்கு அண்மையிலுள்ள சேவையகத்தை நாடவும், கடவுச்சொல்லை எந்தச் சேவையகத்தின்வழியும் மாற்றவும், அடைவிற் பெயர்களைத் தேடவும் வல்லதாயிற்று. எல்லாவற்றினும் மேலாக, என்.ரி.எல்.எம். இரண்டாம் பதிப்பு என்னும் வலிய மெய்ப்பிப்பு முறையை அது கைக்கொள்ள இயன்றது. எனினும் கேர்பரோஸ் முறையும், நிருவாகி மையத்திலிருந்து விதிக்கும் குழுக்கொள்கைகளும் அதற்கு எட்டாதனவாகவே நின்றன.

இவ்வமைப்பில் வேலைகளின் வரிசை பெரிதும் முதன்மையுடையது. முதலாவது, பழைய கணினி தன் பெயர்வினாக்களை அடைவு அறிந்த பெயர்ச் சேவையகத்திடமே கேட்குமாறு அமைத்தல் வேண்டும். இரண்டாவது, அதன் கடிகாரத்தைச் செம்மைப்படுத்தல் வேண்டும். பழைய கணினிகளின் தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் வலுவிழப்பின் நாளும் நேரமும் பிழைபடும். நேரம் பெரிதும் முரண்படின், சரியான கடவுச்சொல்லும் மறுக்கப்படலாம். மூன்றாவது, துணை மென்பொருளை நிறுவுதல், என்.ரி. 4.0 ஆயின் அதற்குரிய திருத்தத் தொகுதிகளை முன்னரே இடுதல். நான்காவது, கணினியின் பதிவேட்டில் எல்.எம். இணக்க மதிப்பை 3 ஆக்கி, வலிய முறையிலேயே விடையனுப்பச் செய்தல். இவை யாவும் எல்லாக் கணினிகளிலும் நிறைவேறிய பின்னரே, சேவையகத்தில் அம்மதிப்பை 5 ஆக உயர்த்திப் பழைய முறைகளை முற்றாக மறுத்தல் தகும். வரிசை தலைகீழாயின் ஒரு காலைப்பொழுதில் அலுவலகமே வாயிலுக்கு வெளியே நிற்க நேரும்.

இவ்வளவிற் பணி முடிந்ததெனக் கருதுதலுங் கூடாது. காப்பற்ற வடிவத்தை இனிமேற் சேமியாதிருக்குமாறு சேவையகத்துக்குப் பணித்தாலும், முன்னர்ச் சேமித்தது தானே அழிந்துவிடாது. ஒவ்வொரு பயனரும் தம் கடவுச்சொல்லை ஒருமுறை மாற்றிய பின்னரே அது நீங்கும். இறுதியான இப்படியே பெரும்பாலும் மறக்கப்படுவது.

விண்டோஸ் 95க்கான ஆதரவு 2001இலும், என்.ரி. 4.0 சேவையகத்துக்கானது 2004இலும், விண்டோஸ் 98க்கானது 2006இலும் முடிவுற்றன. ஆயினும் சிக்கல் முடிவுறவில்லை. அன்று புதியனவாயிருந்தவை இன்று பழையனவாகிவிட்டன. விண்டோஸ் எக்ஸ்பி 2014இலும் விண்டோஸ் 7 2020இலும் ஆதரவை இழந்தன. விண்டோஸ் சேவையகம் 2025இல் என்.ரி.எல்.எம். முதற் பதிப்பு அடியோடு நீக்கப்பட்டுள்ளது. ஆய்வுகூடக் கருவியொன்றையோ தொழிற்சாலை இயந்திரமொன்றையோ இயக்கும் பழைய கணினியை உடனே கைவிடல் எல்லார்க்கும் இயல்வதன்று. அத்தகைய கணினி புதிய முறையைக் கற்கவல்லதாயின் கற்பித்தல் வேண்டும். மாட்டாதாயின், அதனைத் தனியானதொரு வலையமைப்பில் இருத்தி, அதற்கு வேண்டிய ஓரிரு கணக்குகளை மட்டும் வழங்குதல் தக்கது. அதன்பொருட்டு அனைவர்க்குமுரிய வாயிலைத் தாழ்த்துதல் முறையன்று. பழைய கணினியொன்றை இணைக்க முற்படுவோர் அஃது உள்ளே வருமா என்று வினவுவதோடு அமையாது, அஃது உள்ளே வருதற்காக ஏனையோர் எதனை இழக்கின்றனர் என்பதையும் வினவுதல் கடனாகும்.