கூடிய உருவும் பிரிந்த உறுப்பும்

ரிஷிவந்தியத்திற்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கின்றது. அதற்கு வடக்கே, தென்பெண்ணையாற்றிற்கு அப்பால், சவ்வாது மலை உளது. அம்மலையிலுள்ள காவலூரில் 1986-ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பெற்ற வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அத்தகைய தொலைநோக்கியோடு பொருத்துதற்குரிய ஒளிப்படக் கருவியொன்றை அமைக்கப் புகுவார்க்கு நேரும் இடர்ப்பாடு ஒன்றையும், அதனை நீக்கும் வழியையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இப்பணி இருவர்பாற்பட்டது. வில்லைகளின் வளைவையும் கனத்தையும் வகுப்பவர் ஒளியியலார். அவற்றைத் தாங்கும் குழல், வளையம், திருகு முதலியவற்றைக் கணினியில் வரைபவர் பொறியியலார். பின்னவர் வரைந்த உரு, ‘ஸ்டெப்’ முதலிய பொதுக் கோப்பு வடிவில் முன்னவரிடம் வந்து சேரும். ஒளிக்கதிர்களின் வழியைக் கணிக்கும் மென்பொருளில் அதனைப் புகுத்தினால், முழுக் கூட்டும் பெரும்பாலும் ஒரே பொருளாய்த் தோன்றும். ஒரு பொருட்கு ஒரு தன்மையே குறிக்கலாகும். கண்ணாடி எனக் குறித்தால் உலோகக் குழலையும் ஒளி ஊடுருவிச் செல்லும். உலோகம் எனக் குறித்தால் வில்லையும் ஒளியை மறித்துவிடும். வண்டி ஒன்றாயினும் அச்சு வேறு, ஆரக்கால் வேறு என்பதைத் தச்சன் அறிவான். கணினிக்கோ நாமே அறிவித்தல் வேண்டும்.

இதனால் வரும் கேடு யாதெனின், கூறுவாம். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேற்பட்ட ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கைத் திருப்பிவிடும். கரும்பூச்சும் ஒளியை முற்றும் விழுங்குவதன்று. சிறிது சிதறவே செய்யும். இவ்வாறு வழிதவறிய ஒளி படத்தில் விழுந்தால், மங்கிய விண்மீன் மறைதலும், இல்லாத விண்மீன் தோன்றுதலும் கூடும். உலோகத்தை அறுக்குமுன்னரே இதனைக் கண்டறிதற்கு உறுப்புக்களைப் பிரித்தல் இன்றியமையாதது.

பிரிக்கும் முறை வருமாறு. முதற்கண், ஒவ்வோர் உறுப்பும் தனித் திண்மமாய்ப் பெயரோடு அமைந்த கோப்பைப் பெறுக. ‘எஸ்.டி.எல்.’ கோப்பு வளைவுகளைச் சிறு முக்கோணங்களாக்கிவிடுதலானும், அளவின் அலகைக் கூறாமையானும், வில்லைகட்கு ஏலாது. அடுத்து, அலகையும் தொடக்கப் புள்ளியையும் ஒப்பிடுக. மில்லிமீட்டரை அங்குலமாய்க் கொண்டால் உரு 25.4 மடங்கு பிழைபடும். பின்னர்ப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பின் இடமும் சாய்வும் முன்னிருந்தபடியே உள்ளனவா எனக் காண்க. ஒளி சென்று படாத திருகு முதலியவற்றை நீக்கினால் கணக்கு விரைவுபெறும். வரைபடத்து வில்லைகளை விலக்கி, மென்பொருளுக்கே உரிய வில்லைகளை அவ்விடத்து வைத்தல் துல்லியத்திற்கு ஏற்றது. அதன்பின்னரே குழலுக்கு உலோகமும், உட்சுவருக்குக் கரும்பூச்சும் குறிக்க.

மற்றொன்று நினைவிற்கொள்ளத்தக்கது. ‘ஜீமாக்ஸ் ஆப்டிக்ஸ்டூடியோ’ என்னும் மென்பொருளில் இரு பொருள்கள் ஒரே இடத்தைப் பற்றிநின்றால், பட்டியலிற் பின்வருவதன் தன்மையே அவ்விடத்துக்கு ஆகும். ஆதலின் பிரித்த உறுப்புக்களை வரிசைப்படுத்துங்கால், வில்லையின் விளிம்பைத் தாங்கிக்கு இரையாக்கிவிடாதவாறு காத்தல் கடன்.

இறுதியில், பிரித்தவற்றை முதல் உருவின்மேற் பொருத்திப் பார்த்துச் சில கதிர்களை மட்டும் செலுத்துக. அவை வில்லையில் வளைந்து, குழலில் நின்று, படத்தளத்திற் குவியுமாயின், பல்லாயிரங் கதிர்களை அச்சமின்றிச் செலுத்தலாம்.